ஒரே எழுத்து, ஆறு எண்கள்: கொரிய ஹியுத் கணினிக்குள் எப்படி வாழ்கிறது

கொரிய மொழியில் அரட்டை அடிப்பவர்கள் சிரிப்பைக் காட்ட ஓர் எழுத்தை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்துத் தட்டுவார்கள். மேலே ஒரு சின்னக் கோடு, அதன்கீழ் நீளமாக ஒரு படுக்கைக் கோடு, அதற்கும் கீழே ஒரு வட்டம். பார்க்கத் தொப்பி வைத்த தலை மாதிரி இருக்கும். பெயர் ஹியுத், ஒலி ஏறக்குறைய நம் 'ஹ்'. தென்கொரிய நெடுங்கணக்கில் மெய்களின் கடைசி எழுத்து இதுதான். தாளில் எழுதினால் ஒரே எழுத்து. கணினியில் இதன் எண் என்ன என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரம் யூனிகோட். தனித்து நிற்கும் ஹியுத்துக்கு அது தரும் எண் 12622. அசையின் தொடக்கத்தில் வரும் ஹியுத்துக்கு 4370. அசையின் அடியில் வரும் ஹியுத்துக்கு 4546. பழைய ஒற்றை பைட் எழுத்து வரிசைகளோடு ஒத்துப்போவதற்காக வைத்த அரை அகல ஹியுத்துக்கு 65470. வட்டத்துக்குள் இருந்தால் 12909, அடைப்புக்குறிக்குள் இருந்தால் 12813. இவை போக, முழு அசைகளாகவே எண் பெற்ற 11172 கொரிய எழுத்துகளில் 1722 எழுத்துகளுக்குள் ஹியுத் இருக்கிறது. அங்கே அதற்கென்று தனி எண் இல்லை, கணக்குப் போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். கொரிய உரையைக் கையாளும் நிரல் தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டியது, வந்திருப்பது இவற்றில் எந்த ஹியுத் என்பதைத்தான்.

இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் பத்தடிமான எண்கள். யூனிகோட் அட்டவணைகளில் இவையே பதினாறடிமானத்தில் இருக்கும், மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். அட்டவணையில் தேடும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். யூனிகோட் இந்த எழுத்துக்கு வைத்த ஆங்கிலப் பெயர் 'ஹியுத்' என்று முடியாது, 'ஹியுஹ்' என்று முடியும். சொல்லின் இறுதியில் நிற்கும் ஹியுத் 'ஹ்' என்று ஒலிக்காமல் 'த்' போல அடைபட்டு நின்றுவிடும். உச்சரிப்பில் ஹியுத், எழுத்துப்படி பார்த்தால் ஹியுஹ். யூனிகோட் எழுத்துப்படியைப் பிடித்துக்கொண்டது.

அசை என்னும் கட்டம்

கொரிய எழுத்துமுறையான ஹங்குலை அரசர் செஜோங் 1443-இல் உருவாக்கினார், 1446-இல் நாட்டுக்கு அறிவித்தார். அப்போது 28 எழுத்துகள், இன்று 24. இவற்றை ரோமன் எழுத்துப் போல வரிசையாக அடுக்குவதில்லை. ஒவ்வோர் அசையும் ஒரு சதுரக் கட்டம். கட்டத்தின் தொடக்கத்தில் ஒரு மெய், அதன் பக்கத்திலோ கீழேயோ ஓர் உயிர், தேவைப்பட்டால் அடியில் இன்னொரு மெய். அடியில் வருவதைக் கொரியர்கள் 'பாட்சிம்' என்பார்கள். கீழிருந்து தாங்குவது என்று பொருள்.

இரட்டித்தவற்றையும் கூட்டு எழுத்துகளையும் சேர்த்தால் தொடக்கத்தில் வரக்கூடியவை 19, உயிர்கள் 21, அடியில் வரக்கூடியவை 27. அடியில் எதுவும் இல்லாமலும் இருக்கலாம் என்பதால் அதை 28 வகையாக எண்ணுகிறோம். 19, 21, 28 மூன்றையும் பெருக்கினால் 11172. இன்றைய கொரிய எழுத்துமுறையில் கட்ட முடிகிற எல்லா அசைகளும் இதற்குள் அடங்கிவிடும். வழக்கில் இல்லாதவையும் இதில் உண்டு.

கணினிக்கு இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் 1980-களில் இரண்டு முகாம்கள் உருவாயின. ஒன்று சேர்ப்பு முறை, கொரிய மொழியில் 'ஜொஹப்'. மற்றொன்று முடிந்த வடிவ முறை, 'வான்சொங்'. இன்றுவரை நீளும் பல சிக்கல்களின் வேர் இந்தப் பிரிவில் இருப்பதால் இதைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்பது பயன் தரும்.

ஜொஹப் முறையில் ஓர் அசைக்கு 16 பிட்டுகள். முதல் பிட் எப்போதும் 1, 'இது கொரிய எழுத்து' என்பதற்கான அடையாளம். மீதி 15 பிட்டுகள் ஐந்தைந்தாகப் பிரிந்து தொடக்க மெய், உயிர், அடி மெய் ஆகிய மூன்றையும் சுமக்கும். தொடக்கத்தில் வரும் ஹியுத்துக்கு 20, அடியில் வரும் ஹியுத்துக்கு 29. 'ஹான்' என்ற அசையை எழுத 20, 'ஆ' உயிருக்கு 3, அடி 'ன்'-க்கு 5 ஆகியவற்றைப் பிட்டுகளாக வரிசையில் வைத்தால் 208, 101 என்ற இரண்டு பைட்டுகள் கிடைக்கும். எழுத்துமுறையின் இயல்பை அப்படியே பின்பற்றும் முறை இது. 11172 அசைகளும் வந்துவிடும், பிரிப்பதும் சேர்ப்பதும் பிட்டுகளை நகர்த்தும் வேலைதான். இடறல் இரண்டாவது பைட்டில் இருந்தது. 101 என்பது ஆங்கில எழுத்துகளுக்கான பழைய எண் வரிசையான ஆஸ்கியில் சிறிய ஆங்கில 'ஈ'-யின் எண். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட நிரல், கொரிய எழுத்தின் பின்பாதியை ஆங்கில எழுத்தாக நினைத்து வெட்டிவிடும்.

வான்சொங் முறை அந்த ஆபத்தைத் தவிர்த்தது. 1987-இல் வந்த தேசியத் தரமான கேஎஸ் சி 5601, 94 வரிசையும் ஒவ்வொன்றிலும் 94 இடமும் கொண்ட அட்டவணை. அதில் கொரிய அசைகளுக்கு 25 வரிசைகள் ஒதுக்கினார்கள். 25-ஐ 94-ஆல் பெருக்கினால் 2350. தரத்தில் சரியாக 2350 அசைகள் இருப்பதன் காரணம் இதுதான். 2350-ஓடு மொழி முடிந்துவிடவில்லை, இடம்தான் முடிந்துவிட்டது. 4888 சீன எழுத்துகளுக்கும் அதே அட்டவணையில் இடம் தர வேண்டியிருந்தது. இணையத்தில் பரவிய வடிவத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட்டுகள், இரண்டுமே 160-க்கு மேல். ஆங்கிலத்தோடு மோதல் இல்லை. ஆனால் 8822 அசைகள் வெளியே நின்றன. அரிதான ஓர் அசை ஒருவரின் பெயரிலோ ஒரு கடையின் பெயரிலோ வந்தால் அதை எழுத வழியில்லை.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. தரத்திலேயே ஒரு பின்வாசல் இருந்தது. நிரப்பி என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தை முதலில் வைத்து, பிறகு தொடக்க மெய், உயிர், அடி மெய் மூன்றையும் தனித்தனியாக வைக்கலாம். நான்கு எழுத்துகள், 8 பைட்டுகள், ஓர் அசை. பெரும்பாலான மென்பொருள்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த நிரப்பி மட்டும் 12644 என்ற எண்ணோடு யூனிகோடுக்குள் வந்து இன்றும் தொல்லை தருகிறது. வெற்றிடம் போலத் தெரியும், ஆனால் வெற்றிட வகையைச் சேராது. ஆகவே வெற்றிடங்களைக் களையும் நிரலில் தப்பி, பெயரே இல்லாத பயனர்பெயர்களை உருவாக்க உதவுகிறது. பயனர்பெயர் வாங்கும் எந்தப் படிவத்திலும் 12644-ஐத் தடுப்பது நல்லது.

நம் ஹியுத் வான்சொங் அட்டவணையில் 4-ஆம் வரிசையில் 30-ஆம் இடத்தில் இருக்கிறது. பைட்டுகள் 164, 190. யூனிகோடின் 12622 இந்த இடத்திலிருந்து வந்ததுதான். அந்த எண் இருக்கும் பகுதிக்கு யூனிகோட் 'ஒத்திசைவு' என்ற சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்ததும் அதனால்தான். பழைய தரத்திலிருந்து யூனிகோடுக்குப் போய்விட்டுத் திரும்பினாலும் எழுத்து மாறக் கூடாது.

இடம் மாறிய 11172

1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பு அந்த 2350 அசைகளை 13312 என்ற எண்ணிலிருந்து தொடங்கி வைத்தது. 1993-இன் 1.1 பதிப்பில் மேலும் 4306 சேர்ந்து மொத்தம் 6656 ஆனது. அப்போதும் 11172 முழுமையாகவில்லை, அகரவரிசையும் ஒரே சீராக இல்லை. 1996-இல் 2.0 பதிப்பு வந்தபோது எல்லாவற்றையும் பழைய இடத்திலிருந்து எடுத்துவிட்டு, 44032 முதல் 55203 வரை 11172 அசைகளையும் அகரவரிசையில் புதிதாக அடுக்கினார்கள். பழைய எண்களில் சேமித்த கொரியக் கோப்புகள் அத்தோடு செல்லாதவையாகின. விட்டுப்போன இடத்தில் 1999-இல் அரிய சீன எழுத்துகள் குடியேறின. அந்தக் காலத்துக் கொரியக் கோப்பு ஒன்றை இன்றைய மென்பொருளில் திறந்தால் எவரும் படிக்க முடியாத சீன எழுத்துகளே தெரியும். யூனிகோட் எண்களை பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8 பற்றிய 1998-ஆம் ஆண்டு இணையத் தர ஆவணமே இதைக் 'கொரியக் குழப்பம்' என்ற பெயரோடு குறிப்பிடுகிறது.

இந்த இடமாற்றம் தமிழுக்கும் தொடர்புடையது. 2.0 பதிப்புக்குப் பிறகு யூனிகோட் ஒரு கொள்கையை உறுதியாக எடுத்துக்கொண்டது: ஒருமுறை எண் பெற்ற எழுத்து இடம் மாறாது, நீக்கப்படாது. கொரியனுக்கு அசை ஒவ்வொன்றுக்கும் இடம் கொடுத்தார்களே, தமிழ் உயிர்மெய்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி தமிழ்க் கணிமை விவாதங்களில் அடிக்கடி எழும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்ற அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக ஏற்றதும் இந்தக் கேள்வியின் நீட்சிதான். கொரியனுக்கு முழு அசைகளைக் கொண்ட தேசியத் தரம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது, இந்தக் கொள்கை கதவை மூடும் முன்பே அது உள்ளே வந்தும்விட்டது. அப்படியும் கொரியர்களுக்குச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பதைக் கீழே பார்க்கலாம்.

புதிய அடுக்கின் பெரிய பலன் கணக்கு. தொடக்க மெய், உயிர், அடி மெய் ஒவ்வொன்றுக்கும் 0-விலிருந்து வரிசை எண் கொடுத்தால், அசையின் எண்ணைப் பெருக்கலும் கூட்டலும் கொண்டே பெறலாம். தொடக்க மெய்யின் வரிசை எண்ணை 21-ஆல் பெருக்கி உயிரின் வரிசை எண்ணைக் கூட்ட வேண்டும். வந்ததை 28-ஆல் பெருக்கி அடி மெய்யின் வரிசை எண்ணைக் கூட்ட வேண்டும். கடைசியில் 44032-ஐச் சேர்க்க வேண்டும். 'ஹான்' அசையில் ஹியுத் 18, 'ஆ' 0, அடி 'ன்' 4. 18-ஐ 21-ஆல் பெருக்க 378, அதை 28-ஆல் பெருக்க 10584, 4 கூட்ட 10588, 44032 சேர்க்க 54620. இதுவே 'ஹான்' அசையின் யூனிகோட் எண்.

பிரிப்பதற்கு இதையே பின்னோக்கிச் செய்ய வேண்டும். 44032-ஐக் கழித்து 588-ஆல் வகுத்தால் ஈவு தொடக்க மெய். மீதியை 28-ஆல் வகுத்தால் ஈவு உயிர், கடைசி மீதி அடி மெய். 588 என்பது 21-ஐ 28-ஆல் பெருக்கியது, ஒரு தொடக்க மெய்க்குரிய அசைகளின் எண்ணிக்கை. ஹியுத் வரிசையில் கடைசி என்பதால் அதில் தொடங்கும் 588 அசைகளும் பகுதியின் வாலில் ஒன்றாக இருக்கின்றன, 54616 முதல் 55203 வரை. ஹியுத்தில் தொடங்கும் சொற்களைத் தேட இந்த வீச்சு ஒன்றே போதும்.

அடியில் நிற்கும் ஹியுத்தைத் தேடுவது அவ்வளவு எளிதில்லை. அடி மெய்யின் மீதி 27 வந்தால் அது தனி ஹியுத். 'நல்லது' என்று பொருள்படும் சொல்லின் முதல் அசையான 'ஜொஹ்' இப்படிப்பட்டது, எண் 51339. ஆனால் 'ன்', 'ல்' ஆகியவற்றோடு ஹியுத் கூட்டாக வரும் அடி மெய்கள் இரண்டு உண்டு, மீதி 6, மீதி 15. எதிர்மறைக்கு அன்றாடம் பயன்படும் 'அன்ஹ்' என்ற அசையின் அடியில் இருப்பது முதல் வகைக் கூட்டு. விசைப்பலகையில் 'ன்', ஹியுத் என்று இரண்டு விசைகளைத் தட்டித்தான் அதை எழுதுகிறோம். குறியீட்டில் அது ஒரே துண்டு. உரையைக் கூறுகளாகப் பிரித்தாலும் கூட்டு அடி மெய் 4525 என்ற ஒரே எண்ணாகத்தான் வரும், 'ன்'-உம் ஹியுத்துமாகப் பிரியாது. ஹியுத்தைத் தேடும் நிரல் 4370, 4546 இரண்டை மட்டும் பார்த்தால், இந்தக் கூட்டை மட்டும் கொண்ட அசைகள் கண்ணில் படாமல் போய்விடும். தொடக்கத்தில் 588, மூன்று வகை அடி மெய்களில் 1197, இரண்டிலும் வரும் 63-ஐக் கழித்தால் 1722. முதலில் சொன்ன எண்ணிக்கை இப்படி வந்ததுதான்.

விசைப்பலகையில்

தென்கொரியாவில் பரவலாக உள்ள 'தூபொல்சிக்' விசைப்பலகையில் மெய்கள் இடப்பக்கம், உயிர்கள் வலப்பக்கம். ஹியுத்துக்கு ஆங்கில 'ஜி' விசை. தொடக்கத்துக்கும் அடிக்கும் அதே விசைதான். எது தொடக்கம், எது அடி என்பதை உள்ளீட்டு மென்பொருள் அடுத்த விசையைப் பார்த்தே முடிவு செய்கிறது.

'புரிதல்' என்ற பொருள் தரும் 'இஹே' என்ற சொல்லைத் தட்டிப் பார்க்கலாம். முதலில் 'இ' வருகிறது, எண் 51060. ஹியுத்தைத் தட்டியதும் அது 'இ'-யின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது, திரையில் 51087. அடுத்து உயிரைத் தட்டியதும் ஹியுத் அங்கிருந்து தாவி அடுத்த கட்டத்துக்குப் போகிறது. இப்போது 51060, 54644 என்று இரண்டு எழுத்துகள். ஒரு நொடி இங்கே ஒளிர்ந்து மறுநொடி வேறிடத்தில் ஒளிரும் இந்த நிகழ்வுக்குக் கொரியர்கள் வைத்த பெயர், நம் கொள்ளிவாய்ப் பிசாசைப் போன்ற அவர்கள் நாட்டுப் பேய்நெருப்பின் பெயர். கண் மருத்துவராக இருந்து தட்டச்சுப்பொறியை வடிவமைத்த கொங் பியொங்-ஊ வழிவந்த மூன்று தொகுதி விசைப்பலகையில் தொடக்க ஹியுத்துக்கும் அடி ஹியுத்துக்கும் தனித்தனி விசைகள் உள்ளன, ஆகவே இந்தத் தாவல் அங்கே இல்லை. ஜொஹப் முறையின் மனப்போக்கு விசைப்பலகையில் வடிவெடுத்தது போன்றது அது.

தாவல் அழகான காட்சிதான், ஆனால் படிவங்களில் அது சிக்கலாகிவிடும். பெயர்ப் பெட்டியில் கொரிய எழுத்து மட்டுமே வர வேண்டும் என்று 44032 முதல் 55203 வரை உள்ளதை மட்டும் ஏற்கும்படி நிரல் எழுதுவார்கள். ஒவ்வொரு விசைக்கும் அந்தச் சோதனை ஓடினால், 'ஹான்' என்று எழுத முதலில் தட்டிய ஹியுத் 12622-ஆக வந்து நிற்கும், வீச்சுக்கு வெளியே இருப்பதால் அழிக்கப்படும். பயனர் எத்தனை முறை தட்டினாலும் பெட்டி வெறுமையாகவே இருக்கும். எழுத்து கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்போது சோதிக்காமல், கட்டி முடிந்த நிகழ்வுக்குப் பிறகு சோதிப்பதே இதற்குச் சரியான தீர்வு. சிலர் அவசரத்தில் வீச்சை 12593 முதல் 55203 வரை என்று விரித்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் சீன எழுத்துகள் எல்லாம் அதோடு உள்ளே வந்துவிடும். தனி மெய்களுக்கு 12593 முதல் 12622 வரை, தனி உயிர்களுக்கு 12623 முதல் 12643 வரை, அசைகளுக்கு அவற்றின் வீச்சு என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும்.

கைபேசித் தொடர்புப் பட்டியலில் கொரியர்கள் பெயரின் தொடக்க மெய்களை மட்டும் தட்டித் தேடுவார்கள். ஹியுத்தைத் தட்டினால் 'ஹொங்', 'ஹான்' எல்லாம் வர வேண்டும். இதற்கு ஒவ்வோர் அசையிலிருந்தும் தொடக்க மெய்யைக் கணக்கிட்டு, பயனர் தட்டிய 12622-ஓடு ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தனி மெய்களின் பகுதியில் அடியில் மட்டுமே வரும் கூட்டுகளும் நடுநடுவே கலந்திருக்கின்றன. ஹியுத்தின் வரிசை எண் 18 ஆயிற்றே என்று 12593-ஓடு 18-ஐக் கூட்டினால் 12611 வரும். அது ஹியுத் இல்லை, இரட்டித்த 'ப்'. 'கி'-யில் தொடங்கும் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் பிழை தெரியாது, ஏனென்றால் வரிசையின் முதலிரண்டு இடங்கள் தற்செயலாகப் பொருந்திவிடும். ஹியுத்தை வைத்துச் சோதித்தால் உடனே தெரியும். 19 தொடக்க மெய்களுக்கும் எண்களை ஓர் அட்டவணையாக எழுதி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

உடைந்து வரும் கோப்புப் பெயர்கள்

'ஹான்' அசையை 54620 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம், 4370, 4449, 4523 என்ற மூன்று எண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் சொல்கிறது. தமிழில் 'கொ' எழுதும்போது 3018 என்ற ஒரே குறியாகவும், 3014, 3006 என்ற இரண்டு குறிகளாகவும் எழுத முடிவதைப் போன்றது இது. சேர்த்த வடிவத்துக்கு என்எஃப்சி, பிரித்த வடிவத்துக்கு என்எஃப்டி என்று பெயர்.

ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமித்தது. அப்படிப்பட்ட கோப்பு விண்டோஸ் கணினிக்குப் போனால் பெயரில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே உதிர்ந்து தெரியும். தோற்றத்தைவிடத் தேடல்தான் பெரிய சிக்கல். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெயர்களை நிரல் வேறு வேறு என்று சொல்லும். நீளமும் கூடும். யூடிஎஃப்-8-இல் 'ஹான்' சேர்த்த வடிவத்தில் 237, 149, 156 என்று 3 பைட், பிரித்தால் 9 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. சேர்த்த வடிவில் 85 அசைகள் அடங்கும், அடி மெய் உள்ள அசைகளைப் பிரித்து எழுதினால் 28-ஓடு நின்றுவிடும்.

இதற்குத் தீர்வு உள்ளே வரும் வாசலிலேயே இருக்க வேண்டும். கொரிய உரை எங்கிருந்து வந்தாலும் சேமிக்கும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூறு இதை ஒரே வரியில் செய்யும். ஏற்கெனவே குவிந்துவிட்ட கோப்புப் பெயர்களுக்கு லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. முதலில் சோதனை ஓட்டம் ஓட்டி, எவை மாறும் என்று பார்த்துவிட்டு மாற்றுவது நல்லது. ஒரே அடைவில் இரண்டு வடிவங்களிலும் அதே பெயர் இருந்தால் மோதும்.

என்எஃப்கேசி என்ற இன்னொரு வடிவம் இருக்கிறது. அரை அகலம், வட்டம், அடைப்பு போன்ற வேறுபாடுகளை எல்லாம் தட்டையாக்கிவிடும், அதனால் தேடலுக்கு வசதி என்று பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். கொரிய உரைக்கு இது ஆபத்தானது. தனித்து நின்ற 12622-ஐ இது 4370-ஆக, அதாவது அசையின் தொடக்க மெய்யாக மாற்றிவிடும். சிரிப்புக்காக மூன்று முறை தட்டிய ஹியுத் இப்போது மூன்று தொடக்க மெய்கள். உயிரை எதிர்பார்த்து நிற்கும் தொடக்க மெய்கள் அடுத்தடுத்து வந்தால் அவை ஒரே எழுத்துத் தொகுதி என்பது யூனிகோடின் விதி. மூன்று எழுத்து இருந்த இடத்தில் நிரல் ஒன்று என்று எண்ணும், சுட்டி அவற்றைத் தாண்டி ஒரே தாவலில் போகும், பல எழுத்துருக்களில் காட்சியும் குலையும். இன்னும் மோசமானது, தனி ஹியுத்தையும் தனி 'ஆ'-வையும் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் அவை ஒட்டி 'ஹா' என்ற அசையாகிவிடும். அதற்குப் பின் தனி 'ன்' இருந்தால் அது அடியில் போய்ச் சேராது, ஏனென்றால் அதுவும் தொடக்க மெய்யாகவே மாறியிருக்கும். ஒரு பாதி ஒட்டி, மறுபாதி தொங்கும். அரட்டை உரையையோ மொழிப்பாட உரையையோ என்எஃப்கேசி-யில் சேமிக்கவே கூடாது. தேடலுக்கு வேண்டுமானால் தனிப் பிரதியில் மட்டும் பயன்படுத்தலாம்.

உரை முழுவதும் வேறு குறியீட்டில் திறக்கப்பட்டுக் குப்பையாகத் தெரியும்போது, ஹியுத் நல்ல துப்பு தரும். செலாவணிக் குறி என்னும் நான்கு கால் முளைத்த வட்டமும் முக்கால் பின்னமும் மாறி மாறி வந்தால், அவை 164, 190. பழைய வான்சொங் பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய எழுத்தாகப் படித்திருக்கிறார்கள். அலைக்குறி போட்ட ரோமன் 'ஏ', மூன்று புள்ளி, கொக்கி போட்ட 'இசட்' என்று வந்தால், அவை 227, 133, 142. யூடிஎஃப்-8 ஹியுத்தை விண்டோஸ் மேற்கு ஐரோப்பியக் குறியீட்டில் படித்திருக்கிறார்கள். இரண்டிலும் மூல பைட்டுகள் சேதமாகவில்லை, சரியான குறியீட்டைச் சொல்லித் திறந்தால் மீண்டுவிடும். அப்படியே சேமித்துவிட்டால்தான் சிக்கல்.

வான்சொங் என்று சொல்லி வரும் கோப்புகள் பெரும்பாலும் விண்டோஸின் 949 குறியீட்டில்தான் இருக்கும். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 95 காலத்தில் விடுபட்ட 8822 அசைகளையும் அந்த அட்டவணையின் இடைவெளிகளில் செருகியது. எல்லாம் எழுத முடிந்தது, அகரவரிசை போயிற்று. 'ஹா' அசைக்கு 199, 207. அகரவரிசையில் கடைசியாக வர வேண்டிய 'ஹிஹ்' அசைக்கு 198, 82. பைட்டுகளை வைத்து வரிசைப்படுத்தினால் கடைசி அசை, ஹியுத்தில் தொடங்கும் முதல் அசையான 'ஹா'-வுக்கு முன்னால் வந்து நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு வரிசைப்படுத்தினால் தென்கொரிய அகராதி வரிசை தானாகக் கிடைக்கும். வடகொரிய வரிசை வேறு. அங்கே ஹியுத் கடைசி இல்லை, இரட்டித்த மெய்கள் அதற்குப் பின்னால் வருகின்றன. இரு நாட்டு அகராதிகளை ஒப்பிடுபவர்கள் வரிசை விதியைத் தனியே கொடுக்க வேண்டும்.

எழுத்துரு வரைபவருக்கு ஹியுத்தின் எண்ணிக்கை இன்னும் கூடும். பக்கத்தில் நிற்கும் உயிரோடு ஹியுத் ஒடுங்கி நிமிர்ந்து நிற்கும், கீழே வரும் உயிரோடு தட்டையாகப் படுக்கும், அடியில் ஒரு மெய் வந்தால் இன்னும் சுருங்கும். பழைய புள்ளி எழுத்துருக்களில் தொடக்க மெய்களுக்கு 8 தொகுதி, உயிர்களுக்கு 4, அடி மெய்களுக்கு 4 என்று வரைவது வழக்கமாக இருந்தது. வெற்று இடங்களையும் சேர்த்து 360 வடிவங்கள். அவற்றில் ஹியுத் தொடக்கத்துக்காக எட்டு முறையும் அடிக்காக நான்கு முறையும் வரையப்பட்டிருக்கும்.

செஜோங்கின் 28-இல் இன்று வழக்கொழிந்த நான்கில் ஒன்று ஹியுத்தின் உறவுக்காரர். தலையில் அந்தச் சின்னக் கோடு மட்டும் இல்லாத 'மெல்லிய ஹியுத்', தனி எண் 12678, தொடக்க எண் 4441. இத்தகைய பழைய எழுத்துகள் வரும் அசைகளுக்கு 11172-இல் இடம் இல்லை. அவற்றைத் தொடக்கம், உயிர், அடி என்று துண்டுகளாகவே எழுத வேண்டும், காட்டுவதற்கு அதை ஆதரிக்கும் எழுத்துரு வேண்டும். அதற்குத் தேவையான மீதித் துண்டுகள் 2009-இல் 5.2 பதிப்பில்தான் முழுமையாக வந்து சேர்ந்தன. அதற்கு முன், அவரவர் விருப்பப்படி பயன்படுத்த யூனிகோட் விட்டுவைத்த தனிப் பயன்பாட்டு எண்களில் எழுதப்பட்ட பழங்கொரிய ஆவணங்களை இன்று திறந்தால் வெற்றுக் கட்டங்கள்தான். மாற்று அட்டவணை கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டும்.

கொரிய உரையை ஏற்கும் நிரலைச் சோதிக்க ஹியுத் ஒன்றே போதுமான பொருளைத் தருகிறது. தனி ஹியுத் மூன்று, 'ஹா', 'ஹான்', 'ஜொஹ்', 'அன்ஹ்', இவற்றையே பிரித்த வடிவில் ஒரு முறை, கடைசியாக 'ஹிஹ்'. இந்தக் கடைசி அசை எந்தச் சொல்லுக்காகவும் தேவைப்படுவதில்லை, ஆனால் பகுதியின் கடைசி எண்ணான 55203 இதனுடையது. 44032-ஐக் கழித்தால் 11171. அதை 588-ஆல் வகுத்தால் ஈவு 18, மீதி 587. அதை 28-ஆல் வகுத்தால் ஈவு 20, மீதி 27. மூன்று வரிசை எண்களும் தத்தம் உச்சத்தில் நிற்கும், மேலே ஒரு ஹியுத், கீழே ஒரு ஹியுத். எல்லையில் ஒன்று குறைத்து எழுதிய நிரல் இதை ஏற்காது.